ஹுமேரா தப்பு என்று எழுதிய வெள்ளிக்கிழமை

கோட்டைமேட்டில் ஹுமேராவைத் தெரியாதவர்கள் குறைவு. அவள் என்ன வேலை செய்கிறாள் என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. கம்ப்யூட்டர் வேலை என்பார்கள். எதிர்வீட்டு ஜாஹிதா மட்டும் ஒரு படி மேலே போய், "அவ வெளிநாட்டுக்காரங்க பரீட்சைப் பேப்பரத் திருத்தறா" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அது அப்படியொன்றும் தப்பில்லை.

நம் கையில் இருக்கும் போனிலும் எங்கோ குளிரூட்டிய அறையில் இரையும் பெரிய கணினியிலும் அடியில் உட்கார்ந்து வேலை வாங்கும் நிரல் ஒன்று உண்டு; கெர்னல் என்று பெயர். லினக்ஸ் கெர்னலுக்கு யார் வேண்டுமானாலும் ஒரு திருத்தம் எழுதி அனுப்பலாம். அந்தத் திருத்தத்துக்கு பேட்ச் என்று பெயர். ஆனால் அனுப்பியதெல்லாம் உள்ளே போய்விடாது. விஷயம் தெரிந்த இன்னொருவர் வரி வரியாகப் படித்து, "பார்த்துவிட்டேன், சரி" என்று தன் பெயரைக் கீழே போட வேண்டும். எல்லாமே மின்னஞ்சலில், ஊரறிய நடக்கும். எழுதிய கடிதத்தை யாரும் அழிக்க முடியாது. பெயர் போட்டால் போட்டதுதான். நாளை ஏதாவது கோளாறு என்றால் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டுதான் வருவார்கள். ஹுமேரா அப்படிப் பெயர் போடுகிற ஆள். ஒரு வெளிநாட்டுக் கம்பெனி அதற்காகவே அவளுக்குச் சம்பளம் கொடுத்து, கோட்டைமேட்டு மாடியறையிலேயே உட்காரவும் விட்டிருக்கிறது.

படிப்பதில் அவள் கெட்டிக்காரி. இருநூறு வரி நிரலில் ஒரு பூட்டைப் போட்டுவிட்டுத் திறக்க மறந்திருந்தால், அரிசியில் கல் பார்ப்பதுபோல் எடுத்துவிடுவாள். கண்டுபிடித்ததை வாய்விட்டுச் சொல்வதில்தான் கஷ்டம். ஆட்டோக்காரர் திரும்ப வேண்டிய சந்தைத் தாண்டிப் போனால் சொல்ல மாட்டாள். அடுத்த முக்கில் இறங்கி, நன்றியும் சொல்லிவிட்டு வெயிலில் நடந்து வருவாள். தையல்காரர் கழுத்தைத் தொளதொளவென்று தைத்துக் கொடுத்தால், "காத்தோட்டமா இருக்குதுங்க" என்று பாராட்டி வாங்கி வந்து பீரோவில் வைத்துப் பூட்டுவாள்.

பட்ட அடியும் ஒன்று உண்டு. பதினாலு வருஷத்துக்கு முன்னால், பெங்களூரில் வேலை பார்த்தபோது, தன் முதல் பேட்சை நடுங்கிக்கொண்டே அனுப்பினாள். யாரோ ஒரு மனிதர் ஒரே வார்த்தையில் பதில் போட்டார்: குப்பை. அன்றைக்கு அவள் அழுத அழுகையை அறைத்தோழி இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். ஒரு வருஷம் எதுவும் அனுப்பவில்லை. பிறகு அவளே திருத்துகிற இடத்துக்கு வந்ததும் மனதுக்குள் ஒரு சத்தியம் செய்துகொண்டாள்: என் கடிதத்தைப் படித்து ஒருவர் கண்ணில் தண்ணீர் வரக்கூடாது.

நல்ல சத்தியம்தான். அது அவளை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதுதான் கதை.

தை பிறந்து இரண்டு வாரம் இருக்கும். கிருபாசங்கர் என்ற பெயரில் ஒரு பேட்ச் வந்தது. ஆள் புதுசு, முதல் பேட்ச். விஷயம் இதுதான். ஒரு பெரிய கணினியைப் பல குழுக்கள் பங்கு போட்டு வேலை செய்யும்போது, எந்தக் குழு அதன் நினைவகத்தை எவ்வளவு பிடித்து வைத்திருக்கிறது என்று தெரிய வேண்டும். கெர்னலுக்கு அது தெரியும், வெளியே சொல்லாது. அந்தக் கணக்கைக் குழுவாரியாக ஒரு கோப்பில் எழுதிக் காட்டுவதுதான் பேட்ச். எதற்காக எழுதினான் என்பதையும் நேர்மையாகச் சொல்லியிருந்தான். அவன் அலுவலகத்தில் பம்ப் மோட்டார் வடிவமைக்கும் ஐந்து குழுக்கள் ஒரே கணினியில் வேலை பார்க்கின்றன. கணினி மெதுவானால் ஐந்து குழுவினரும் ஒருவரையொருவர் கை காட்டுகிறார்கள். சண்டை தீர வேண்டும்.

ஹுமேராவுக்குப் படித்ததும் பிடித்துப்போயிற்று. சுத்தமான கை. எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டு அனுப்புகிற பிள்ளை என்று தெரிந்தது. மூன்றாம் முறை படித்தபோதுதான் ஓட்டை தெரிந்தது.

கெர்னல் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு எண் கொடுக்கும். குழு கலைந்தால் அந்த எண்ணை அடுத்து வருகிற குழுவுக்குக் கொடுத்துவிடும். ஆனால் கலைந்த குழு விட்டுப்போன சரக்கு கணினியில் கொஞ்ச நேரம் அதே எண்ணின் பேரில் கிடக்கும். அது காலியாகும்வரை பொறுக்காமல் கிருபாசங்கரின் பேட்ச் கணக்குச் சொல்லிவிடுகிறது. வீடு மாறி வந்தவர் பெட்டியை இறக்கி வைக்குமுன், பழைய குடித்தனக்காரர் ஓட்டிய ஏசிக்கெல்லாம் சேர்த்து மீட்டர் ரீடிங்கை அவர் தலையில் கட்டினால் எப்படி இருக்கும், அப்படி. சண்டை தீர்க்க வந்த கணக்கே பொய் சொல்லும்.

இதை ஹுமேரா எழுதியிருக்க வேண்டும். எழுதவும் செய்தாள். எப்படி? அருமையான வேலை, மிக்க நன்றி, விளக்கம் தெளிவாக இருக்கிறது, மிக்க நன்றி, ஒரு மாறியின் பெயரைச் சற்று சுருக்கலாம், நேரம் கிடைக்கும்போது எண்கள் மறுபடி பயன்படும் இடத்தை ஒருமுறை நினைத்துப் பார்த்தாலும் பார்க்கலாம், மீண்டும் நன்றி.

கிருபாசங்கர் பெயரைச் சுருக்கி இரண்டாவது வெர்ஷன் அனுப்பினான், நான்கு நன்றியோடு. அவள் ஐந்து நன்றியோடு பதில் போட்டாள். மூன்றாவது வெர்ஷனில் அவன் எழுத்துக்கு நடுவே கிடந்த ஒரு காலியிடத்தைச் சரி செய்தான். நான்காவது வர ஒரு நாள் தாமதமானது. அதற்கு மன்னிப்புக் கேட்டு, "எங்கள் துடியலூரில் இன்று மாதாந்திர பவர் கட்" என்று எழுதியிருந்தான்.

ஹுமேரா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். துடியலூரா! ஏதோ ஒரு கண்டத்தில் இருக்கிறான் என்று நினைத்தவன், மேட்டுப்பாளையம் ரோட்டில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வந்து நிற்கிற தூரத்தில் இருக்கிறான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் சொல்வது இப்போது இன்னும் கஷ்டமாகிவிட்டது. முகம் தெரியாத வெளிநாட்டுக்காரனிடமே வாய் வராதவள், நம்ம ஊர்ப் பையனிடம், அதுவும் முதல் பேட்ச் போடுகிறவனிடம், தப்பு என்று எப்படிச் சொல்வாள்?

இப்படியே ஏழு வெர்ஷன் ஓடியது. பங்குனி பிறந்துவிட்டது. இந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் மார்கெட்டா என்று ஒரு செக் நாட்டுப் பெண்மணி. பத்து வார்த்தைக்கு மேல் எழுதினால் கை வலிக்குமோ என்னவோ, எதையும் சுருக்கமாகத்தான் எழுதுவார். அந்தப் பெண்மணிக்கே பொறுமை போய்விட்டது. வியாழக்கிழமை காலை எல்லாரும் பார்க்கும்படி ஒரு கடிதம் வந்தது.

"இரண்டு மாதமாக நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். இந்தக் கணக்கு சரியா, தப்பா? நாளை மாலை எல்லா பேட்சையும் மூட்டையாகக் கட்டி அனுப்புகிறேன். பதில் இல்லையென்றால் ஹுமேரா ஒப்புக்கொண்டதாக எடுத்து அவர் பெயரோடு சேர்த்துவிடுவேன்."

ஹுமேரா அன்றைக்கு முழுக்கப் புலம்பிக்கொண்டிருந்தாள். சும்மா இருந்தால் பொய் சொல்கிற ஒரு கணக்கு அவள் பெயரைத் தாங்கிக்கொண்டு ஊர் உலகமெல்லாம் போகும். இதுவரை அவள் பெயர் போட்ட முந்நூற்றுச் சொச்சம் பேட்சில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை; அதில் அவளுக்கு ரகசியமாக ஒரு கர்வம் உண்டு. வாயைத் திறந்தாலோ, ஒரு பையனின் இரண்டு மாத உழைப்பை ஊர் பார்க்கத் தெருவில் போட்டதாகும். அவனும் ஒரு வருஷம் எதுவும் அனுப்பாமல் கிடப்பான். குப்பை என்று எழுதிய மனிதரின் இடத்தில் தானே போய் உட்கார்ந்ததுபோல் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து அவள் கணவர் அப்துல் குத்தூஸ் சாப்பிட வந்தார். சுக்கிரவார்பேட்டையில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். அவள் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள்.

"ஏனுங்க, இதக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க. ரொம்பக் கடுசா எழுதிப்போட்டனோன்னு பயமா இருக்குது."

குத்தூஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இருபத்து மூன்று வரி. படித்து முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து படித்தார்.

"ஏம்மா, யாருக்காச்சும் கல்யாணமா?"

"வெளையாடாதீங்க."

"இல்ல, வாழ்த்து மடலாட்ட இருக்குது. அந்தப் பையன் செஞ்சது தப்புன்னு நேத்துப் பூராப் பொலம்புனியே, அது இதுல எங்க இருக்குது?"

ஹுமேரா பதினேழாவது வரியைக் காட்டினாள். "ஒருவேளை இந்த இடத்தை யோசித்தால் நன்றாக இருக்கலாமோ என்று தோன்றுகிறது" என்று அங்கே இருந்தது.

குத்தூஸ் கண்ணாடியைக் கழற்றினார். "என்ர கடைக்கு வந்து ஒருத்தர், உள்செவுத்துப் பெயின்ட்ட வெளிச்செவுத்துக்குக் கேக்கறார்னு வெச்சுக்க. நான் என்ன சொல்லுவேன்? இது மழைக்கு நிக்காதுங்கன்னு சொல்லுவேன். அவரு கோவிச்சுக்குவாரா? டீ வாங்கிக் குடுத்துட்டுப் போவாரு. நீ எழுதறாப்புல சொன்னா, அவரு அதையே பத்து லிட்டர் வாங்கிட்டுப் போயிருவாரு."

"அது கடைங்க. இது எழுத்து. எழுத்து அப்படியே நிக்குமுல்லங்க?"

"தப்பும்தான் அப்படியே நிக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போனார்.

அந்த மனிதருக்கு இப்படி ஒரு வழக்கம். சுருக்கென்று ஒன்றைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். பதில் சொல்ல ஆளிருக்காது. ஹுமேரா மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு முதல் வரியை அழித்தாள். இரண்டாவதை அழித்தாள். ஒவ்வொரு நன்றியாகப் பிடுங்கப் பிடுங்க வெட்கமாகவும் இருந்தது, கை லேசாகவும் இருந்தது. எல்லாம் போன இடத்தில் நாலே வரி எழுதினாள்.

"இது தப்பு. கலைந்த குழுவின் கணக்கு, அதே எண்ணை வாங்கும் புதுக் குழுவின் பேரில் வருகிறது. முதல் வெர்ஷனிலேயே பார்த்தேன், தெளிவாகச் சொல்லாதது என் பிழை. இப்படியே சேர்க்க வேண்டாம்."

அனுப்பு பொத்தானை அழுத்தினாள். உடனே மடிக்கணினியை மூடி, அதன்மேல் ஒரு தலையணையையும் வைத்துவிட்டு, மொட்டை மாடிக்குப் போய்க் காயாத துணியையெல்லாம் எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

கீழேயிருந்து குத்தூஸ் குரல் கொடுத்தார். "ஹுமேரா! உன்ர பெட்டி தலையாணிக்கடியில டிங்கு டிங்குன்னு கத்துது."

ஈரத்துணியோடு இறங்கி வந்தாள். திறக்கப் பயந்து குத்தூஸையே திறக்கச் சொன்னாள். அவர் படிக்கத் தொடங்கி, பாதியில் சிரிக்கத் தொடங்கினார். பிறகு அவளே எட்டிப் பார்த்தாள். அவள் அனுப்பிய பதினோராவது நிமிஷத்தில் கிருபாசங்கர் பதில் போட்டிருந்தான்.

"ஆமாம், தப்புதான். நான் மூன்றாவது வெர்ஷனிலேயே கண்டுபிடித்துவிட்டேன். பெரியவர்கள் நீங்கள் நன்றாக இருக்கிறது என்று எழுதும்போது, இல்லை என்று மறுத்துப் பேச மனம் வரவில்லை. எனக்குத்தான் ஏதோ புரியவில்லை என்று இருந்துவிட்டேன். திருத்தம் ஆறு வாரமாக என் கணினியில் தூங்குகிறது. ஒன்பது வரிதான். இத்துடன் அனுப்புகிறேன்."

ஹுமேரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவனும் பார்த்திருக்கிறான்! அவன் மனம் நோகக்கூடாது என்று இவளும், இவள் மனம் நோகக்கூடாது என்று அவனும், ஒரே ஓட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து இரண்டு மாதம் கும்பிடு போட்டிருக்கிறார்கள். சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைக்கக் கையில் ஈரத்துணிதான் இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக அவள் சிரித்து நாளாகியிருந்தது.

அதற்குள் மார்கெட்டா எழுதிவிட்டார். "இருவருக்கும் தெரியும். இருவரும் சொல்லவில்லை. நீங்கள் குடிக்கும் தண்ணீரில் என்ன கலக்கிறார்கள்?"

ருசிக்குப் பேர்போன சிறுவாணி ஆற்றுத் தண்ணீர், ஒரு டம்ளர் குடித்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்று பதில் போட ஹுமேராவுக்குக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள். கிருபாசங்கரின் கடிதத்துக்கு அடியில் அவன் போன் நம்பர் இருந்தது. அடித்தாள்.

"ஏனுங் தம்பி, நான் கோட்டைமேட்டுல இருந்து ஹுமேரா பேசறனுங்க."

மறுமுனையில் நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. எழுந்து நின்றுவிட்டான் போலிருக்கிறது.

"அக்கா, கோட்டைமேடுங்களா? நம்ம கோட்டைமேடுங்களா? நான் என்னமோ நீங்க அமெரிக்காவுல இருக்கறீங்கன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க்கா!"

"மூணாவது வெர்ஷன்லயே தெரிஞ்சுதுன்னா ஒரு வார்த்த சொல்லிப்போட வேண்டியதுதான தம்பி?"

"நீங்க மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களேக்கா."

"அதுஞ் செரிதானுங்க."

இருவரும் சிரித்தார்கள். பிறகு ஹுமேரா கேட்டாள். "கண்ணு, எல்லாரும் பாக்கறாப்புல தப்புன்னு எழுதிப்போட்டேன். வருத்தமில்லீங்களே?"

"அட ஏனுங்க்கா! எனக்கு இப்பத்தான் நெஞ்சு ஆறுச்சு. கீதாகிட்ட, என்ர ஊட்டுக்காரம்மாகிட்டங்க, ரெண்டு மாசமாச் சொல்லிட்டே இருக்கறேன், தப்புன்னு தெரிஞ்சே அனுப்பறேன் புள்ள, யாராச்சும் புடிக்க மாட்டாங்களான்னு. தூக்கமில்லீங்க."

அந்த ஒன்பது வரியை ஹுமேரா சனிக்கிழமை முழுக்கப் படித்தாள். குழுக்களை உருவாக்கினாள், கலைத்தாள், அதே எண்ணை மறுபடி கொடுத்தாள், ஆயிரம் தடவை செய்து பார்த்தாள். பழைய சரக்கு காலியாகும்வரை புதுக் குழுவுக்கு அந்த எண் கிடைக்கவில்லை. கணக்கு ஒவ்வொரு முறையும் சுத்தமாகப் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. எட்டாவது வெர்ஷனுக்குக் கீழே தன் பெயரைப் போட்டாள். வேறு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. மார்கெட்டா மூட்டையை ஒரு நாள் அவிழ்த்து வைத்திருந்து அதையும் உள்ளே சேர்த்துக் கட்டினார்.

துடியலூர் அலுவலகத்தில் அந்த பேட்சை ஓடவிட்டதும், கணினியைப் பிடித்துத் தின்றுகொண்டிருந்த குழு எது என்று தெரிந்துபோயிற்று. கிருபாசங்கரின் குழுதான். அவனே எழுதிய கணக்கு அவனையே காட்டிக்கொடுத்தது. மற்ற நான்கு குழுவினரும் அன்றைக்கு அவன் செலவில் தேங்காய் பன் சாப்பிட்டார்களாம்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹுமேரா அவனையும் கீதாவையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்தாள். ஆள் எப்படி இருப்பானோ என்று பார்த்தால், முப்பது வயசில், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு, செருப்பை வாசலில் நேர்கோட்டில் விட்டுவிட்டு உள்ளே வந்தான். கீதா ஒரு சீப்பு கதலி கொண்டு வந்திருந்தாள். பிரியாணி, பருப்பும் கத்தரிக்காயும் புளியும் சேர்த்த தால்ச்சா, தயிர்ப்பச்சடி எல்லாம் வைத்துப் பரிமாறிவிட்டு ஹுமேரா எதிரில் நின்றாள். விருந்தாளி இரண்டு வாய் சாப்பிட்டதும் எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"எப்படிங்க இருக்குது தம்பி?"

கிருபாசங்கர் வாயில் இருந்ததை விழுங்கினான். மனைவியைப் பார்த்தான். ஹுமேராவைப் பார்த்தான்.

"பிரியாணி சூப்பருங்க்கா." கொஞ்சம் தயங்கினான். "தால்ச்சாவுல புளி தூக்கலுங்க்கா."

கீதா அவன் காலை மேசைக்கடியில் மிதித்தது எல்லாருக்கும் தெரிந்தது.  பன்னிரண்டு வருஷமாக ஹுமேரா கையால் தால்ச்சா சாப்பிட்ட ஒருவர்கூட இப்படிச் சொன்னதில்லை. கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள். நிதானமாக, நூறு வரி படிப்பதுபோல் ருசி பார்த்தாள்.

"ஆமாங்க தம்பி. தூக்கல்தான்."

சொல்லிவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள். பெயின்ட் கடையில் யாருக்கும் அஞ்சாமல் உள்ளதைச் சொல்லும் அப்துல் குத்தூஸ், தட்டில் இருந்த ஒரு கத்தரிக்காய்த் துண்டை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, உங்களுக்கு இது தெரியுமுங்களா?"

குத்தூஸ் தலையை நிமிர்த்தவில்லை.

"தெரியும்மா."

"எந்த வெர்ஷன்ல இருந்துங்க?"

"மொத வெர்ஷன்ல இருந்தே."

முதலில் கீதாதான் சிரித்தாள். பிறகு ஹுமேரா சிரித்த சிரிப்பில், எதிர்வீட்டு ஜாஹிதா ஜன்னலைத் திறந்து, பரீட்சைப் பேப்பர் எல்லாம் திருத்தியாயிற்றா என்று கேட்டாள்.